எந்த மிஷின், எந்தக் காயில்? மெட்டல் டிடெக்டர் கேள்வி பதில்

ஞாயிறு முழுக்க பதில் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன், சொல்கிறேன். என்னைப் பற்றி இரண்டு வரி: பிழைப்பு இன்வெர்ட்டர், யூபிஎஸ் ரிப்பேர். பதினோரு வருடமாக பெசன்ட் நகர், கோவளம் பக்கம் மணலில் தொலைந்த மோதிரம், தோடு தேடிக் கொடுக்கிறேன். கடை கிடையாது, எந்தக் கம்பெனிக்கும் ஏஜென்ட் கிடையாது. புதையல் ஆசையிலோ, இரிடியம், ரைஸ் புல்லர் என்ற மோசடிச் சரக்கு விஷயமாகவோ வந்தவர்கள் இப்போதே கிளம்பிவிடலாம்.

கேள்வி: முதல் முறையாக வாங்கப் போகிறேன், கடற்கரைக்குத்தான். எதைப் பார்த்து வாங்குவது? (திருவான்மியூர்)

காய்ந்த மணலா, அலை வந்து போகும் ஈர மணலா? அதை முதலில் முடிவு செய்யுங்கள். சாதாரண மிஷின்கள் ஒரே ஒரு அதிர்வெண்ணில் வேலை செய்யும். காரெட் ஏஸ் 250 என்றால் 6.5 கிலோஹெர்ட்ஸ், நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ் 12 கிலோஹெர்ட்ஸ். காய்ந்த மணலிலும் தோட்டத்திலும் இவை தங்கமாக உழைக்கும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், ஈர மணலுக்குப் போனதும் மண்ணையே உலோகம் என்று நினைத்துக் கத்த ஆரம்பிக்கும். சென்சிட்டிவிட்டியை, அதாவது மிஷினின் உணர்திறனை, குறைத்து ஓட்டலாம், ஆனால் ஆழம் போய்விடும்.

ஒரே நேரத்தில் பல அதிர்வெண் அனுப்பும் மிஷின்கள் உப்பைத் தனியாகக் கண்டுபிடித்து ஒதுக்கும். மைன்லேப் ஈக்வினாக்ஸ், நோக்டா லெஜண்ட், எக்ஸ்பி டியூஸ் 2 எல்லாம் இந்த ரகம். என்னிடம் இருப்பது 2018-இல் வந்த ஈக்வினாக்ஸ் 800. ஈர மணல்தான் உங்கள் இடம் என்றால் காசு சேர்த்து இந்த ரகத்திலேயே வாங்குங்கள். மலிவாக ஒன்று வாங்கி ஆறு மாதத்தில் பரணில் போட்டவர்கள் நாலு பேரை எனக்குத் தெரியும்.

விலை மட்டும் கேட்காதீர்கள், அது டாலரோடு ஏறி இறங்கும். போலி சரக்கும் ஏராளம். சீரியல் நம்பரைக் கம்பெனியிடம் சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: காயிலில் டபுள் டி, கான்சென்ட்ரிக் என்கிறார்களே, வித்தியாசம் என்ன சார்? (கோவை)

நல்ல கேள்வி, உட்காருங்கள்.

காயில் என்பது தண்டின் நுனியில், தரைக்கு மேல் ஆட்டும் தட்டு. அதற்குள் பெரும்பாலும் இரண்டு சுருள் இருக்கும். ஒன்று காந்தப்புலத்தை அனுப்பும், மற்றது திரும்பி வருவதைக் கேட்கும். கீழே உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அது தன் பங்குக்கு ஒரு சின்னக் காந்தப்புலத்தை எழுப்பும். மிஷின் கேட்பது அந்த எதிரொலியைத்தான். அனுப்பும் சுருளின் சத்தம் கேட்கும் சுருளில் நேரடியாக விழாதபடி இரண்டையும் எப்படி அடுக்குகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

கான்சென்ட்ரிக்கில் வட்டத்துக்குள் வட்டம். தேடும் பரப்பு கீழே போகப் போகக் கூம்பு மாதிரிக் குறுகும். பொருள் இருக்கும் இடத்தை நெற்றிப்பொட்டு மாதிரிக் காட்டும். இரும்புச் சத்துள்ள மண்ணில் மட்டும் திணறும். டபுள் டி என்பது முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு D. நடுவில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிய இடம்தான் வேலை செய்யும், முன்னிருந்து பின்வரை ஒரு அரிவாள்மணை அலகு மாதிரி. மண்ணின் தொந்தரவு குறைவு, ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் காசையும் பிரித்துக் காட்டும். இப்போது வரும் மிஷின்கள் பெரும்பாலும் இதோடுதான் வருகின்றன.

டபுள் டியில் இடத்தைக் குறிக்க ஒரு வழி: சிக்னல் வந்ததும் காயிலைக் குறுக்கே சின்னதாக ஆட்டிக்கொண்டே உங்களை நோக்கிப் பின்னால் இழுங்கள். சத்தம் சட்டென்று அறுந்து போகும் இடத்தில், காயிலின் மூக்குக்குக் கீழே பொருள் இருக்கும்.

இன்னொன்று. ஒரு கம்பெனி காயில் இன்னொரு கம்பெனி மிஷினுக்குச் சேராது. பிளக் பொருந்தினாலும் சேராது.

கேள்வி: தங்கத்தை மட்டும் காட்டும் மிஷின் எது?

இல்லை. தங்க மோதிரமும் சிகரெட் பெட்டி ஜிகினாத் தாளும் பீர் டின் கொக்கியும் திரையில் ஏறக்குறைய ஒரே எண் வரிசையில்தான் வரும். ஜிகினாவைத் தோண்ட அலுப்புப்பட்டால் மோதிரமும் கிடைக்காது.

கேள்வி: எவ்வளவு ஆழம் போகும்? பத்து அடி போகுமா?

காசு, மோதிரத்துக்குச் சுமாராகக் காயிலின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு. பத்து அடி போகாது.

கேள்வி: மெல்போர்னில் இருக்கிறேன். பெண்டிகோ பக்கம் தங்கக்கட்டி தேட ஆசை. ஈக்வினாக்ஸ் போதுமா அண்ணா?

கொடுத்து வைத்தவர். 1980-இல் கிங்கோவர் பக்கம் மெட்டல் டிடெக்டரில்தான் 27 கிலோ கட்டி ஒன்று கிடைத்தது, 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' என்று பெயர். அந்த ஊர் மண்ணில் இரும்பு ஜாஸ்தி, கல்லே கத்தும். அங்கே பழகியவர்கள் கையில் இருப்பது பல்ஸ் இண்டக்‌ஷன் ரகம். அது மின்னோட்டத்தை வெட்டு வெட்டாக அனுப்பி, நிறுத்திய பிறகு உலோகத்தில் மிச்சமிருக்கும் எதிரொலியைக் கேட்கிறது. மண்ணின் எதிரொலி சீக்கிரம் அடங்கிவிடும். இரும்பா தங்கமா என்று பிரிக்க அவ்வளவாகத் தெரியாது, அதனால் ஆணி நிறையத் தோண்டுவீர்கள். ஆழத்துக்கு மோனோ காயில் (அனுப்பவும் கேட்கவும் ஒரே சுருள்), மண் ரொம்பப் படுத்தினால் டபுள் டி. ஈக்வினாக்ஸ் மேலாகக் கிடக்கும் பொடித் தங்கத்துக்கு ஆகும். உங்கள் விக்டோரியா மாநிலத்தில் மைனர்ஸ் ரைட் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும், பத்து வருடம் செல்லும். தேசியப் பூங்கா என்றால் எங்கே அனுமதி என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் பழைய காசு கிடைக்கிறதே, மிஷினோடு வரலாமா?

வர வேண்டாம் என்பதுதான் என் பதில். ரோமானியக் காசு, சங்க காலக் காசு அங்கே கிடைத்திருப்பது உண்மை. ஆனால் 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் தோண்டுவது அதற்கு மேல் தனிக் குற்றம்.

சட்டத்தை விடுங்கள். ஒரு காசு எந்த மண் அடுக்கில், எந்தப் பானை ஓட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் கதை இருக்கிறது. பிடுங்கி எடுத்து சட்டைப்பையில் போட்டால் அது வெறும் செம்பு. நான் தேடுவது நேற்றுத் தொலைந்த நகையை மட்டும்.

கேள்வி: 15 இன்ச் காயில் போட்டால் எல்லாமே ஆழமாகக் கிடைக்குமே, ஏன் யாரும் சொல்வதில்லை? (புதுச்சேரி)

எல்லாமே கிடைக்காது, அதனால்தான் சொல்வதில்லை. பெரிய பொருளுக்கு ஆழம் கூடும். சின்னப் பொருளுக்குக் குறையும்.

புதுச்சேரி நண்பர் மறுபடியும்: வீடியோவில் 15 இன்ச்சில் 40 சென்டிமீட்டரில் காசு எடுக்கிறார்கள். நீங்கள் வாங்க முடியாததால் சொல்கிறீர்கள்.

என்னிடம் 6, 11, 15 மூன்றும் இருக்கிறது, அண்ணே. அந்த வீடியோவில் இருப்பது பெரிய வெள்ளிக் காசு. அதுவும் காற்றில் ஆட்டிக் காட்டியிருப்பார்கள், மண்ணில் இல்லை.

நானே கோவளத்தில் காய்ந்த மணலில் புதைத்துப் பார்த்திருக்கிறேன், நோட்டில் எழுதியிருக்கிறேன். மனைவியின் மூன்று கிராம் மோதிரம்: 6 இன்ச்சில் 15 சென்டிமீட்டர், 11-இல் 22, 15-இல் 20, அதுவும் முனகலாக. தோட்டின் திருகாணி: 6-இல் 9, 11-இல் 6, 15-இல் ஒன்றுமே இல்லை. பித்தளைச் செம்பு: 28, 42, 55. செம்பு தேடுகிறவர்கள் தாராளமாக 15 வாங்கலாம்.

காரணம் இதுதான். பெரிய காயில் ஒரே சக்தியை அகலமாகப் பரப்புகிறது, திருகாணி மேல் விழுவது கொஞ்சம். கூடவே அவ்வளவு மண்ணின் சத்தத்தையும் அள்ளிக்கொண்டு வருகிறது.

புதுச்சேரி நண்பர்: அப்படியானால் பவரைக் கூட்டினால் போயிற்று.

போகாது. காயிலை விட்டு விலகியதும் காந்தப்புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்கில் குறைகிறது. போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை, ஆக ஆறாம் அடுக்கு. சிக்னலை இரண்டு மடங்காக்கினால் ஆழம் 12 சதவீதம்தான் கூடும். 20 சென்டிமீட்டர் 22 ஆகும், அவ்வளவே.

இடையில் ஒருவர் (நாகை): பெரிய காயிலில் ஒரு வீச்சுக்கு அதிக இடம் அடங்குமே, அதையும் சொல்லுங்கள்.

அது நியாயமான பேச்சு. நீண்ட கடற்கரையில் ஒரு நாளில் அதிக இடம் பார்க்க 15 நல்லதுதான். கை வலிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணிக்கணக்கில் ஆட்டினால் மறுநாள் தோள் தனியாகப் பேசும்.

புதுச்சேரி நண்பர்: நாகைக்காரர் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்.

இல்லை, நீங்கள் சொன்னது ஆழம். சரி, விடுங்கள். கோவளம் வந்தால் மூன்றையும் உங்கள் கையிலேயே தருகிறேன்.

கேள்வி: மிஷின் சும்மா சும்மா கத்துகிறது, ரிப்பேரா? (கடலூர்)

முக்கால்வாசி நேரம் ரிப்பேர் இல்லை. காயில் ஒயரைத் தண்டில் இறுக்கிச் சுற்றியிருக்கிறீர்களா? தொளதொளவென்று ஆடினால் அதுவே கத்தும். காயில் கவரைக் கழற்றி உள்ளே சேர்ந்த மணலைத் தட்டுங்கள். மேலே மின்கம்பி போகிறதா பாருங்கள், சென்சிட்டிவிட்டியை இரண்டு படி இறக்குங்கள். அப்புறம் உங்கள் செருப்பில் இரும்பு இருக்கிறதா?

சிரிக்க வேண்டாம். 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு உடம்பில் சிக்கிய குண்டைத் தேட, டெலிபோன் புகழ் கிரகாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்துகொண்டு போனார். மெத்தைக்குள் இருந்த உலோக ஸ்பிரிங்குகள் அவரைக் குழப்பிவிட்டன. பெல்லுக்கே மெத்தை என்றால் நமக்குச் செருப்பு.

கேள்வி: மணவாளக்குறிச்சி பக்கம் கருப்பு மணலில் எதுவுமே கேட்பதில்லை.

அந்த மணலில் இல்மனைட், கார்னெட் என்ற தாதுக்கள் எல்லாம் கலந்திருக்கிறது, அதை எடுக்கத்தானே அங்கே ஆலையே இருக்கிறது. சுத்தமான ஓர் இடத்தில் காயிலை மேலும் கீழும் குத்துவது போல் ஆட்டி கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணின் சத்தத்தை ஒதுக்க மிஷினைப் பழக்குவது) செய்யுங்கள், சத்தம் அடங்கும் வரை. மணல் நிறம் மாறும் இடத்திலெல்லாம் மறுபடியும். 6 இன்ச் காயில், மெதுவான வீச்சு. பெரிய காயில் பேச்சை இங்கே எடுக்காதீர்கள்.

கேள்வி: ஒரு ரூபாய்க் காசைக் கூட இரும்பு என்கிறது என் மிஷின்.

சரியாகத்தான் சொல்கிறது. இப்போதைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் காந்தத்தில் ஒட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கயிற்றில் காந்தம் கட்டி ஆற்றில் காசு எடுக்கும் பையன்களைப் பார்த்ததில்லையா?

கேள்வி: கிளிநொச்சியில் எங்கட காணியில மிதிவெடி இருக்கோ எண்டு இந்த மிஷினால பாக்கலாமோ?

வேண்டாம் ஐயா. தயவுசெய்து வேண்டாம். மிதிவெடிகளில் பல பிளாஸ்டிக், உள்ளே உலோகம் மிகச் சொற்பம். என் மாதிரி மிஷின் சத்தம் போடாவிட்டால் அங்கே ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. சந்தேகமான இடத்தில் கால் வைக்காமல், கண்ணிவெடி அகற்றும் ஆட்களுக்கும் கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள். இதில் எனக்கு வேறு பதில் கிடையாது.

கேள்வி: இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. பல்ஸ் இண்டக்‌ஷன் மிஷின் நானே செய்கிறேன். காயிலுக்கு எத்தனை சுற்று அண்ணா?

வா தம்பி, காலையிலிருந்து இந்த மாதிரி ஒன்றுக்குத்தான் காத்திருந்தேன். 20 சென்டிமீட்டர் விட்டம், 26 சுற்று, மோட்டார் வைண்டிங் கடையில் கிடைக்கும் 25 கேஜ் எனாமல் கம்பி. சுமார் 300 மைக்ரோஹென்றி வரும். ஒரு பாத்திரத்தைச் சுற்றிச் சுற்றி, நூலால் இறுகக் கட்டி வார்னிஷ் பூசு. சுற்று ஆடினால் மிஷின் கத்தும்.

சூட்சுமம் காயிலுக்குக் குறுக்கே போடும் டேம்பிங் ரெசிஸ்டரில் இருக்கிறது. மின்னோட்டத்தை வெட்டியதும் காயில் மணி அடித்தது போல அதிரும். ரெசிஸ்டர் மதிப்பு அதிகமானால் அதிர்வு நீளும், குறைந்தால் அலை சோம்பலாக இறங்கும். இரண்டிலும் சின்னத் தங்கத்தின் எதிரொலி அமுங்கிவிடும். 1 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர் போட்டு ஆஸிலாஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே திருகு, அதிராமல் சீக்கிரம் இறங்கும் இடத்தில் நிறுத்து. வெட்டிய 10, 15 மைக்ரோசெகண்டுக்குள் கேட்கத் தொடங்கினால்தான் மோதிரம் தெரியும். ஜாக்கிரதை, பேட்டரி 12 வோல்ட்தான் என்றாலும் வெட்டும் நொடியில் காயிலில் சில நூறு வோல்ட் எழும். எனக்கு ஒரு தடவை அடித்திருக்கிறது.

கேள்வி: எத்தனை அடி ஆழம் போகும்?

மேலே இருக்கிறது.

கேள்வி: இருபது அடி?

மேலே.

கேள்வி: ஆன்டெனா வைத்த லாங் ரேஞ்ச் லொக்கேட்டர், ஒரு கிலோமீட்டர் தூரத் தங்கத்தைக் காட்டுமாம். வாங்கலாமா?

பிடியில் ஆடும் ஒரு கம்பி, அதற்கு லட்சக்கணக்கில் விலை. ஏடிஇ 651 என்று ஒன்றை வெடிகுண்டு காட்டும் என்று ஈராக்குக்கு விற்றார்கள். கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமானின் வழிவந்த டப்பா அது. விற்றவருக்கு 2013-இல் இங்கிலாந்தில் பத்து வருடத் தண்டனை. இரிடியம் கலசம் விற்பவர்களும் இதே குடும்பம்தான்.

கேள்வி: அண்ணா, நேற்று சாயங்காலம் பெசன்ட் நகரில் என் சங்கிலி அறுந்து விழுந்துவிட்டது. மெல்லிய சங்கிலி, ஒரு பவுன் கூட இருக்காது. டாலர் இருந்தது. கிடைக்குமா?

மெல்லிய சங்கிலிதான் இருப்பதிலேயே கஷ்டம் அம்மா. மிஷின் அதை ஒரு சங்கிலியாகப் பார்க்காது, ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனிப் பொடியாகத்தான் பார்க்கும். டாலரும் கொக்கியும்தான் நமக்கு நம்பிக்கை. 6 இன்ச் காயில் கொண்டு வருகிறேன். நேற்று எடுத்த போட்டோ இருந்தால் அனுப்புங்கள், பின்னால் என்ன கடை, என்ன படகு தெரிகிறது என்று பார்க்க வேண்டும். நீங்கள் உட்கார்ந்த இடத்தை யாரும் காலால் கிளற வேண்டாம், கிளறினால் இன்னும் கீழே இறங்கும். நாளை காலை ஐந்தரைக்கு, கூட்டம் வருவதற்கு முன்னால். சாவிக்கொத்தை வண்டியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.