கர்ப்பகாலச் சர்க்கரைக்கு நித்தியகல்யாணிக் கஷாயம் குடிக்கலாமா?

கேள்வி: எனக்கு இது முதல் பிரசவம், இப்போது 26 வாரம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்துப் பார்த்ததில் சர்க்கரை 158 என்றார்கள். 2 வாரம் உணவைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். குறையாவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ வேண்டியிருக்குமாம். ஊசி பிள்ளையைப் பாதிக்கும் என்று என் மாமியார் பயப்படுகிறார். வெந்தயத் தண்ணீரும் சிறுகுறிஞ்சான் பொடியும் தருகிறார். கொல்லை மணலில் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியையும் கஷாயம் வைத்துத் தருவதாகச் சொல்கிறார். சீனிக்குப் பதில் கருப்பட்டி சேர்க்கலாம் என்கிறார். எதைக் கேட்பது?
- வாசகி, கீழக்கரை அருகே

பதில்: நித்தியகல்யாணிக் கஷாயத்தைத் தொடவே தொடாதீர்கள், ஏற்கெனவே ஒரு வாய் குடித்திருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சர்க்கரையை இறக்கும் என்ற பெயர் அந்தச் செடிக்கு நம் ஊரில் மட்டுமல்ல, ஜமைக்காவிலும் உண்டு. அதைக் கேள்விப்பட்டு 1950-களில் கனடாவில் எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தபோது, எதிர்பார்த்தபடி சர்க்கரை இறங்கவில்லை. ரத்தத்தின் வெள்ளையணுக்கள்தாம் சரிந்தன. வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்துகள் இந்தச் செடியிலிருந்தே கிடைக்கின்றன. தென்மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் இதைப் பயிரிட்டு இலையையும் வேரையும் மூட்டை கட்டி அனுப்புவது மருந்துக்காகத்தான். செல்கள் பிரிந்து பெருகுவதைத் தடுப்பது அம்மருந்துகளின் வேலை. வயிற்றிலுள்ள பிள்ளை வளர்வதோ செல்கள் பிரிந்து பெருகுவதால்தான்.

சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டால் மணலைப் போட்டதுபோல் இருக்கும். சர்க்கரைக்கொல்லி என்ற பெயர் சும்மா வரவில்லை. ஆனால் கர்ப்பிணிக்கும் சிசுவுக்கும் அது பாதுகாப்பானதா என்று போதிய ஆய்வு நடக்கவில்லை. மேலும், பின்னர் இன்சுலின் போட நேர்ந்தால் இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடும். ஆகவே அந்தப் பொடியையும் நிறுத்திவிடுங்கள். வேப்பங்கொழுந்துச் சாறு, பாகற்காய்ச் சாறு, கற்றாழைச் சாறு என்று அடுத்து யாராவது சொல்வார்கள். அவையும் இப்போது வேண்டாம்.

வெந்தயம் வேறு கதை. குழம்பில் தாளிப்பதும் ஒரு சிறு கரண்டி ஊறவைத்து உண்பதும் சமையலளவே. அதையே மருந்தாக நம்பிக் கைநிறைய விழுங்கக் கூடாது. மாத்திரை எதையும் விழுங்கும் நேரத்தில் வெந்தயத் தண்ணீர் குடிக்க வேண்டாம்.

கருப்பட்டியைப் பற்றி உங்கள் மாமியார் சொல்வதைத்தான் பலரும் நம்புகிறார்கள். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியானாலும் அதில் பெரும்பகுதி சீனியிலுள்ள அதே சுக்ரோஸ்தான். பதநீரும், பார்க்கும்போதே நாவூறும் தொதலும் பிரசவம் முடியும்வரை காத்திருக்கட்டும்.

மாமியாரின் பயத்துக்கு வருகிறேன். தாய்க்குப் போடும் இன்சுலின் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போவதில்லை. தாயின் ரத்தத்தில் மிகுந்த சர்க்கரைதான் போகிறது. அதைச் சமாளிக்கக் குழந்தையே கூடுதலாக இன்சுலின் சுரந்து, அதனால் அளவுக்கு மீறிப் பருத்து, பிறந்தவுடன் அதன் சர்க்கரை திடீரென்று இறங்கிவிட வாய்ப்புண்டு. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுப்பதாலேயே இந்த மாதங்களில் சர்க்கரை ஏறுகிறது. இது உங்கள் குற்றமும் அன்று, நீங்கள் தின்ற இனிப்பு மட்டும் கொண்டு வந்ததும் அன்று.

இந்த 2 வாரங்களில் பட்டினி கிடக்காதீர்கள். தட்டில் சோற்றை ஒரு கிண்ணத்தால் அளந்து பாதியாக்கி, அந்த இடத்தை முருங்கைக்கீரையும் சாளை மீன் குழம்பும் சுண்டலும் நிரப்பட்டும். மூன்று வேளையாக உண்பதைச் சிறுகச் சிறுக ஐந்தாறு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலைக் கஞ்சியையும், சீனி போட்ட தேநீரையும் விடுவதிலேயே பாதி வேலை முடியும். மருத்துவர் தடுக்காவிட்டால் உண்டபின் கால் மணி நேரம் நடங்கள். வெறும் வயிற்றில் 95-க்குக் கீழும், உண்டு 2 மணி நேரத்தில் 120-க்குக் கீழும் இருப்பதே பொதுவான இலக்கு. அது எட்டவில்லையென்றால் மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த பரிசோதனைக்கு மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். அந்தப் பொடிப் பொட்டலமும் கையில் இருக்கட்டும். பிரசவமாகி 6 வாரம் கழித்து அதே குளுக்கோஸ் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். பிள்ளை கைக்கு வந்ததும் பலர் மறந்துவிடுவது அதைத்தான். தேதியை இப்போதே மகப்பேறு அட்டையில் குறித்துத் தரச் சொல்லுங்கள்.