குழம்புக் காரம் வயிற்றை ஓட்டையாக்குமா?

கேள்வி: பள்ளிப்பட்டு பக்கம் எங்கள் ஊர். நகரியில் இருக்கும் நாத்தனார் கொடுத்த குண்டூர் மிளகாய்த்தூளை, வீட்டுத்தூள் போடும் அளவிலேயே போட்டு நாட்டுக்கோழிக் குழம்பு வைத்துவிட்டேன். வாயில் வைக்க முடியவில்லை. தயிர், தேங்காய்ப்பால், உருளைக்கிழங்கு, சர்க்கரை எல்லாம் சேர்த்துச் சரிக்கட்டினேன். அன்றிலிருந்து கணவருக்கு (வயது 54, விசைத்தறி ஓட்டுகிறார்) வயிறு எரிகிறது. மறுநாள் ஆசனவாயிலும் எரிச்சல். இரண்டு நாளாக மலம் கருப்பாகப் போகிறது, எழுந்தால் தலை லேசாகச் சுற்றுகிறதாம். தினமும் போடும் மூட்டுவலி மாத்திரையோடு கேஸ் மாத்திரையும் போடுகிறார். காரம் குடலை ஓட்டை போட்டுவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். கோழியில் தயிர் சேர்த்தால் விஷம் என்கிறார்கள். என் சமையல்தான் அவரை இப்படி ஆக்கிவிட்டதா?

மருத்துவர் பதில்: இல்லை அம்மா. மிளகாய் குடலை ஓட்டை போடாது. ஆனால் இன்றே அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். கருப்பு மலம் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதற்காக.

மலம் தார் மாதிரி கருத்து, பிசுபிசுவென்று ஒட்டி, என்றைக்கும் இல்லாத நாற்றம் அடித்தால் அது ரத்தம். இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ கசிகிற ரத்தம் கீழே இறங்கி வருவதற்குள் சிவப்பு மாறிக் கருத்துவிடும். 50 முதல் 100 மில்லி கசிந்தாலே மலம் இப்படி ஆகும். மிளகாய்த்தூளால் இந்தக் கருப்பு வராது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கருக்கும், ஆனால் பிசுபிசுப்பும் அந்த நாற்றமும் இருக்காது. அவருக்குத் தலைசுற்றலும் இருக்கிறது. அதனால் எந்தச் சமாதானமும் சொல்லிக்கொண்டு காத்திருக்காதீர்கள். இதைப் படிக்கும்போது மலம் பழைய நிறத்துக்குத் திரும்பியிருந்தாலும் போங்கள். நின்ற கசிவு மறுபடி தொடங்கலாம்.

என் சந்தேகம் அந்த மூட்டுவலி மாத்திரை மேல்தான். நாள் முழுக்கத் தறியில் நிற்கிறவருக்கு முட்டி வலிப்பது நியாயம். ஆனால் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்றவற்றை மருந்துச்சீட்டு இல்லாமல் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. இரைப்பையின் உள்சுவரைக் காக்கும் சுரப்பையே அவை குறைத்துவிடுகின்றன. புண் வந்தாலும், வலியை அடக்கும் அதே மாத்திரை அந்த வலியையும் மறைத்துவிடும். பலருக்கு ரத்தம் கசிந்த பிறகுதான் புண் இருப்பதே தெரிகிறது. வயிற்றுப் புண்ணுக்கு இன்னொரு பெரிய காரணம் ஹெலிகோபாக்டர் என்ற கிருமி. அதைக் கண்டறிந்த பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமி தெரியவருவதற்கு முன்பு பழியெல்லாம் காரத்தின் மேலும் கவலையின் மேலும்தான் விழுந்தது. நீங்கள் பார்த்த வீடியோ இன்னும் அங்கேயே நிற்கிறது.

வலி மாத்திரையை இப்போதே நிறுத்துங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறார் என்றால் அதை நீங்களாக நிறுத்த வேண்டாம், போனதும் டாக்டரிடம் சொல்லுங்கள். எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) வசதி உள்ள பெரிய மருத்துவமனையாகப் பாருங்கள். அங்கே போகும்வரை சாப்பாடு கொடுக்காதீர்கள். அவர் விழுங்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். தலை சுற்றுகிறவரை பைக்கில் உட்கார வைக்க வேண்டாம். ரத்தமாகவோ காபித்தூள் கரைசல் போலவோ வாந்தி எடுத்தாலும், வேர்த்துக் கொட்டி மயங்கினாலும் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

ஆசனவாய் எரிச்சல் ஒன்றுமில்லை. காரத்தை உணரும் நரம்புகள் வாயில் இருப்பது போல அங்கேயும் உண்டு. தயிரும் கோழியும் சேர்ந்தால் விஷம் என்பதையும் விடுங்கள். பிரியாணிக்குக் கோழியைத் தயிரில்தானே ஊற வைக்கிறோம்?

குழம்பைச் சரிக்கட்டியதில் தயிரும் தேங்காய்ப்பாலும் நல்ல யோசனை. காரத்தைத் தரும் கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். தயிரில் உள்ள கேசின் என்ற புரதமும் அதைப் பிடித்துக்கொள்ளும். தயிரை அடுப்பை அணைத்தபின் கலந்தால் திரியாது. உருளைக்கிழங்கு காரத்தை உறிஞ்சும் என்பதை நம்பாதீர்கள், அளவைத்தான் கூட்டும். அதற்குப் பதிலாக, மிளகாய் போடாமல் இன்னும் அரைக்கிலோ கறியை வெங்காயம் தக்காளியோடு வேகவைத்துச் சேர்க்கலாம். சர்க்கரை நாக்கை ஏமாற்றும், அவ்வளவுதான். அப்புறம், குழம்பை ஆறவைத்துப் பரிமாறுங்கள். நரம்பில் காரத்தை உணரும் அதே ஏற்பிதான் (உணர்வை வாங்கும் புரதம்) 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டையும் உணர்கிறது. சூடும் காரமும் சேர்ந்தால் எரிச்சல் கூடும்.

அவருக்கு மட்டும், டாக்டர் சொல்லும்வரை காரமே வேண்டாம். காரம் புண்ணை உண்டாக்காது என்றாலும், இருக்கிற புண்ணில் எரியும். முட்டி வலிக்கு இனி என்ன மாத்திரை போடலாம் என்பதையும் அந்த டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.