ஜாகுவாருக்குக் கிடைக்காத எஞ்சின்

அன்புள்ள ஐயா,

2025இல் மட்டும் நம் விமானப்படையின் மூன்று ஜாகுவார் போர் விமானங்கள் விழுந்தன. பிரான்ஸ் 2005இலும் பிரிட்டன் 2007இலும் கைவிட்ட இந்தப் பறக்கும் சவப்பெட்டிகளை ஏன் இன்னும் மேம்படுத்திக்கொண்டிருக்கிறோம்? எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ரஃபேல் வாங்கினால் என்ன? நான் பொறியியல் மாணவன்.

அருண், கோவை

அன்புள்ள அருண்,

ஜூலையில் ராஜஸ்தானின் சூரு அருகே இரண்டு விமானிகள் இறந்தார்கள். ஏப்ரலில் ஜாம்நகர் அருகே ஒருவர். அன்றிலிருந்து நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் ‘சவப்பெட்டி’ என்று இனி எழுதாதீர்கள். நாளைக் காலை அதில் ஏறப்போகும் பிள்ளையின் தாயும் இதைப் படிப்பாள்.

ரஃபேல் கடையில் கிடைக்கும் பொருள் அல்ல. 2016இல் ஒப்பந்தமான 36 விமானங்கள் வந்து முடிய 2022 டிசம்பர் ஆனது. அதுவரை ஆறு ஜாகுவார் படையணிகளின் வேலையை யார் செய்வது? பழசு என்பதும் முழு உண்மை அல்ல. முதல் ஜாகுவார் 1979இல் வந்தது. ஆனால் அரசின் விமானத் தொழிற்சாலையான பெங்களூரு எச்.ஏ.எல். 2000க்குப் பிறகும் அவற்றைக் கட்டியது.

என் சித்தப்பா விமானப்படையில் எஞ்சின் பிரிவில் இருந்தவர். போன விமானம் திரும்பும்வரை தரையில் இருப்பவனுக்குச் சோறு இறங்காது என்பார். அவரிடம் வளர்ந்ததால் நான் முதலில் பார்ப்பது எஞ்சினைத்தான். டாரின்-3 என்ற மேம்பாட்டுத் திட்டத்தில் ஜாகுவாருக்கு இஸ்ரேலிய ரேடார், புதிய கணினி, புதிய திரைகள் எல்லாம் கொடுத்தோம். தள்ளுவதற்கு மட்டும் அதே பழைய அடோர் எஞ்சின். தாழப் பறக்கவென்று உருவான விமானம் அது. நம் கோடை வெயிலில், முழுச் சுமையோடு உயரே ஏறத் திணறும். அமெரிக்காவின் ஹனிவெல் எஞ்சினைப் பொருத்தலாம் என்று பல ஆண்டுகள் பேசினார்கள். 2019இல் விலை அதிகம் என்று கைவிட்டார்கள். பேசிப் பேசியே விமானத்தின் மிச்ச ஆயுளைக் குறைத்துவிட்டு, ‘மிச்ச ஆயுள் குறைவு, இவ்வளவு செலவு எதற்கு’ என்று கணக்குக் காட்டுவது என்ன நியாயம்? இதைச் சிக்கனம் என்று யாராவது சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. இந்த விபத்துகளுக்கு எஞ்சின்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அது விசாரணையின் வேலை. மேம்படுத்துவதென்றால் எஞ்சினையும் சேர்த்து மேம்படுத்த வேண்டும், இல்லையென்றால் அன்றே மாற்று விமானத்துக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும் என்கிறேன். இரண்டும் செய்யாமல் காலம் கடத்தியதுதான் குற்றம்.

புதிய விமானத்திலும் இதே கதைதான். சூலூரில் நம் உள்நாட்டுப் போர் விமானமான தேஜஸ் பறந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2021இல் 83 தேஜஸ் மார்க்-1ஏ கேட்டோம். அமெரிக்க எஞ்சின் தாமதமானதால் விமானமும் தாமதம். நம் காவேரி எஞ்சினோ போதிய உந்துவிசை தராமல் 2008இல் தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. பொறியியல் படிக்கிறவர் ரஃபேல் விலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். எஞ்சினுக்குள் சுழலும் டர்பைன் பிளேடு அங்குள்ள வெப்பத்தை எப்படித் தாங்குகிறது என்று படியுங்கள். புரியாத இடத்தைக் குறித்து எனக்கு எழுதுங்கள். தெரிந்தவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன்.