எங்கே வைத்தேன்? குறிப்புகள், கோப்புகள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: வணக்கம் அம்மா. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் சுற்றுவட்டார ஊர்களில் பல வருடங்களாகத் தாலாட்டு, ஒப்பாரி, கும்மிப் பாடல்களைச் சேகரித்து வருகிறேன். பீரோ நிறைய நோட்டுகள், ஒரு பெட்டி கேசட். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது கொஞ்சம் கணினியில் இருக்கிறது. இப்போது வாட்ஸ்அப்பிலும் படங்களும் பதிவுகளும் வருகின்றன. இவற்றை ஒழுங்குபடுத்த நோஷன் என்ற குறிப்புச் செயலி நல்லது என்கிறான் பேரன். அப்சிடியன் என்கிறார் பழைய மாணவர் ஒருவர். எதைப் போடட்டும்?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கோவில்பட்டி

பதில்: வணக்கம் ஐயா. மென்பொருள் கொஞ்சம் காத்திருக்கட்டும், முதலில் அந்தக் கேசட் பெட்டியைத் திறங்கள். நோட்டுகளைக் கரையான் அண்டாமல் பார்த்துக்கொண்டால் இன்னும் நெடுநாள் இருக்கும். ஒலிநாடா அப்படியில்லை. பூஞ்சை பிடிக்கும், ஒன்றோடொன்று ஒட்டும். ஒழுங்காக ஓடுகிற டேப் ரெக்கார்டர் கிடைப்பதும் வருடத்துக்கு வருடம் அரிதாகிறது. பாடிய பாட்டிமார்களில் பலர் இன்று இருக்க மாட்டார்கள், அவர்கள் குரல் அந்த நாடாவில்தான் இருக்கிறது. ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு வயரும், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளும் போதும். ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாகப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், எம்பி3 அப்புறம் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

அடுத்து பாமினி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் உங்கள் ஒப்பாரி முழுக்க ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக் கிடக்கும். எந்தத் தேடலிலும் தமிழாக அது சிக்காது. எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்குத் தமிழக அரசே 2010ல் ஆணையிட்டுவிட்டது. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகளில் போட்டால் மாறிவிடும். மாற்றியதும் ஒருமுறை கண்ணால் படித்துப் பாருங்கள், நடுவில் ஆங்கிலச் சொல்லோ எண்ணோ இருந்த இடங்களில் கோளாறு வரும். மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. உங்களுக்கு அப்சிடியன்தான் என்பேன். 2020ல் வந்தது, இலவசம். அதில் எழுதும் ஒவ்வொரு குறிப்பும் உங்கள் கணினியில் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாக இருக்கும். நாளை அந்த நிறுவனமே மூடிவிட்டாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். நோஷனில் எழுதுவது அவர்கள் சர்வரில் இருக்கும். வெளியே எடுக்க வழி கொடுத்திருக்கிறார்கள், ஆனால் எடுக்கும்போது அட்டவணைகளின் வடிவம் குலையும். பலர் சேர்ந்து வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு அது அருமையான கருவி. ஒரு மனிதரின் வாழ்நாள் சேகரிப்பை அவர் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

மென்பொருளைவிட முக்கியம், ஒரு குறிப்பை எப்படி எழுதுகிறீர்கள் என்பது. கல்லூரி நூலகராக வேலை பார்த்த எனக்கு, சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1933ல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறைதான் இதில் வழிகாட்டி. ஒரு பொருளை ஒரே பெட்டிக்குள் அடைக்காமல் அதன் பல முகங்களையும் தனித்தனியே பதிவு செய்வது அவர் வழி. அந்த முகங்களில் இடமும் காலமும் உண்டு. உங்கள் பாடல்களுக்கு இது அப்படியே பொருந்தும். எட்டயபுரத்து ஒப்பாரியை ஊர் வாரியான ஃபோல்டரில் போட்டால் ஒப்பாரிகளை மட்டும் பார்க்க முடியாது. வகை வாரியாகப் போட்டால் ஊர் மறைந்துவிடும். அதனால் ஃபோல்டர் பிரிக்கவே வேண்டாம். எல்லாக் குறிப்பையும் ஒரே இடத்தில் வைத்து, ஒவ்வொன்றின் தலையிலும் இப்படி எழுதுங்கள்:

வகை: ஒப்பாரி
யார் யாருக்கு: மகள், தாய்க்கு
ஊர்: விளாத்திகுளம் பக்கம் (ஊர்ப்பெயர், தெரு)
பாடியவர்: பெயர், அப்போதைய வயது
பதிந்த நாள்: 1994-08-00
ஒலி: 1994-08-00_விளாத்திகுளம்_ஒப்பாரி_03
நோட்டு: 7, பக்கம் 42
தேடுசொல்: கிணறு, பருத்தி, தாய்வீடு

நாள் மறந்துபோனால் பூஜ்யம் போடுங்கள், மாதம் தெரிந்ததே பெரிய விஷயம். ஆண்டை முதலில் எழுதினால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். நாளை முதலில் எழுதினால் எல்லா வருடத்து ஒன்றாம் தேதிகளும் ஒன்றாய்க் கூடிவிடும். ‘நோட்டு’ வரியை விட்டுவிடாதீர்கள். கணினிக்குள் வந்த பாட்டின் தாய்ப்பிரதி பீரோவில் எங்கே இருக்கிறது என்று சொல்வது அந்த ஒரு வரிதான்.

கடைசி வரி தமிழுக்கென்றே. பாட்டில் ‘கிணத்தடி’ என்றிருக்கும், நீங்கள் ‘கிணறு’ என்று தேடுவீர்கள், கணினி இல்லையென்று கைவிரிக்கும். வேற்றுமை ஏறினால் சொல்லின் உருவமே மாறுகிற மொழி நம்முடையது, அதற்கு மேல் கரிசல் பேச்சு வேறு. தாலாட்டே ஓர் ஊரில் தாராட்டு, இன்னோர் ஊரில் ராராட்டு. பாட்டில் கைவைக்காமல் பாடியபடியே எழுதுங்கள். தேடுசொல்லில் மட்டும் அகராதி வடிவத்தைக் கொடுங்கள். அப்சிடியன் சொல்லின் துண்டைக் கொடுத்தாலும் பிடித்துவிடும், ‘கிண’ என்று தேடினால் கிணறும் கிணற்றடியும் கிணத்தடியும் வரும். ஆனால் ‘மர’ என்று தேடினால் மரத்தோடு மருந்தும் வந்து நிற்கும். உயிர்க்குறிகளைக் கணினி தனி எழுத்தாக எண்ணுவதால் இப்படி. அதற்கும் தேடுசொல் வரிதான் மருந்து.

வாட்ஸ்அப் படங்களுக்கு ஒரு எச்சரிக்கை. கோப்பின் பெயரில் இருப்பது உங்களுக்கு வந்து சேர்ந்த தேதி, படம் எடுத்த தேதி அல்ல. படமும் சுருங்கியே வரும். அனுப்புகிறவரிடம் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், எழுத்து தெளிவாக இருக்கும்.

எல்லாம் ஓரளவு சேர்ந்ததும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து வேறு ஊரில் இருக்கும் பிள்ளை வீட்டில் வையுங்கள். நாட்டார் வழக்காற்றியலுக்குப் பேர்போன தூய சவேரியார் கல்லூரி பாளையங்கோட்டையில் உங்களுக்குப் பக்கம்தான். ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வாருங்கள் ஐயா.

கேள்வி: எவர்நோட் என்ற குறிப்புச் செயலியில் பல வருடக் குறிப்புகள் இருக்கின்றன. இலவசக் கணக்கில் 50 குறிப்புக்கு மேல் எழுத முடியவில்லை. என்ன செய்வது?
– வாசகி, சேலம்

பதில்: 2023 டிசம்பரில் வந்த கட்டுப்பாடு அது, 50 குறிப்பு, ஒரே நோட்டுப்புத்தகம். பழையவை அழியவில்லை, படிக்கலாம், வெளியே எடுக்கலாம். கணினிச் செயலியில் நோட்டுப்புத்தகத்தை எக்ஸ்போர்ட் செய்தால் ஈனெக்ஸ் என்ற கோப்பு கிடைக்கும். ஜாப்ளின், அப்சிடியன் இரண்டும் அதை உள்வாங்கும். ஜாப்ளின் திறந்த மூல மென்பொருள், எவர்நோட் பழகிய கைக்கு அது சுலபமாக வரும். இனி எந்தச் செயலியில் நுழையும்போதும் வெளியேறும் வாசல் எங்கே என்று முதல் நாளே பாருங்கள், பத்துக் குறிப்பை எக்ஸ்போர்ட் செய்து திறந்தும் பாருங்கள்.

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஜெர்மன் சமூகவியலாளர் லூமனின் சீட்டுப்பெட்டி முறையை (ஒரு கருத்துக்கு ஒரு சீட்டு, சீட்டுகளுக்கிடையே இணைப்பு) யூடியூபில் பார்த்து அப்சிடியனில் தொடங்கினேன். குறிப்புகளுக்கிடையே இணைப்புகள் போட்டுப் போட்டு, அவற்றைக் காட்டும் வரைபடம் பெரிதாகிறது, அத்தியாயம் நகரவில்லை.
– ஆய்வு மாணவி, மதுரை

பதில்: நிக்லாஸ் லூமன் எழுதிச் சேர்த்த சீட்டுகள் ஏறத்தாழ 90,000. ஆனால் அவர் சீட்டு எழுதியது புத்தகங்களும் கட்டுரைகளும் எழுதுவதற்காக, அவற்றையும் ஏராளமாக எழுதினார். இந்த வரிசையை மறக்காதேம்மா. நூல், கட்டுரை, பிடிஎஃப் எல்லாவற்றையும் ஜோட்டெரோவுக்கு மாற்றிவிடு. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006ல் பிறந்த இலவச மென்பொருள், துணைநூற்பட்டியலை அதுவே போட்டுத் தரும். குறிப்பில் மூன்று விஷயம் இருக்கட்டும்: ஆசிரியர் சொன்னது, பக்க எண், அது எந்த அத்தியாயத்துக்கு ஏன் வேண்டும் என்று உன் சொந்த வாக்கியம் ஒன்று. மூன்றாவதை எழுத வரவில்லையென்றால் அந்தக் குறிப்பு இப்போது வேண்டாம். வரைபடத்தை மூடி வை.

கேள்வி: அப்பா அம்மாவின் ஆவணங்களை எல்லாம் போனில் சேர்த்து வைக்க நினைக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது?
– வாசகர், திருச்சி

பதில்: மறுபடி கிடைக்காததிலிருந்து. பட்டாவும் வில்லங்கச் சான்றும் இணையத்தில் மறுபடி எடுக்கலாம். ஆதார், ஓட்டுநர் உரிமம் டிஜிலாக்கரில் இருக்கும். அப்பாவின் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் கையால் எழுதிய சீட்டு, இவை தொலைந்தால் தொலைந்ததுதான். முதலில் அவற்றை ஸ்கேன் செய்யுங்கள். பெயரை ராத்திரி பதினோரு மணிக்கு அவசரத்தில் தேடப்போகிற உங்கள் தங்கைக்காக வையுங்கள்: ‘அப்பா_இதயம்_டிஸ்சார்ஜ்_2021-03’. ஃபோல்டர் இரண்டே போதும், அப்பா, அம்மா. அதைத் தங்கையோடு பகிர்ந்துவிட்டு, அவர் போனிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு நானே வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பித்தான் எல்லாம் குறித்து வைக்கிறேன். தப்பா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: தப்பே இல்லை. தோன்றியதை அந்த நொடியில் பிடிக்க அதைவிடச் சுலபமான இடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து, வைத்துக்கொள்ள வேண்டியதைக் குறிப்புச் செயலிக்கு மாற்றிவிட்டு மீதியை அழித்துவிடுங்கள்.