சாதாரணத் தோட்டாவை 'இம்ப்ரூவ்டு' சேம்பரில், அதாவது தோட்டா உட்காரும் அறையை மூல வடிவத்தைவிடச் சற்றுப் பெரிதாகக் குடைந்த துப்பாக்கியில், வைத்துச் சுட்டால் கூடு (தோட்டாவின் பித்தளை உறை) கிழிந்துவிடாதா?

கிழியாது, ஆனால் சேம்பரை ஒழுங்காக வெட்டியிருக்க வேண்டும். சுடும்போது எழும் அழுத்தத்தில் பித்தளை ஊதிப் பெருத்து சேம்பர் சுவரில் போய் ஒட்டி, அந்த அச்சையே தன் வடிவமாக்கிக்கொள்கிறது, இதுதான் ஃபயர் ஃபார்மிங். அமெரிக்கத் துப்பாக்கிக் கைவினைஞர் பி. ஓ. ஆக்லியின் பெயரில் வழங்கும் வகைகளில் தோள், அதாவது கூடு கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவு, பெரும்பாலும் 40 டிகிரி; .30-06 என்ற ரைபிள் தோட்டாவில் அது 17.5 டிகிரிதான். கூட்டின் உடம்புச் சரிவும் குறைவதால் வெடிமருந்துக்கு இடம் கொஞ்சம் கூடும். ரொம்ப ஒன்றும் கூடிவிடாது, அதற்காக மட்டும் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று எனக்கே சந்தேகம்தான்.

சிக்கல் எங்கே என்றால், குண்டைப் பிடித்திருக்கும் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் பழைய கூடு இறுக்கமாக உட்கார வேண்டும், சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டை மூடும்போதே அந்தப் பிடிப்பு கையில் தெரியும். பேரலைப் பின்னுக்குத் தள்ளிப் பொருத்தாமல் சேம்பரை மட்டும் குடைந்துவிட்டால் கூடு முன்னே நழுவி, முன்பகுதி சுவரில் ஒட்டிக்கொள்ள, பின்பகுதி மட்டும் இழுபட்டு அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே மெலிந்துபோகும். வெளியே பளபளப்பான ஒரு வளையம் தெரிந்தால், நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள், பள்ளம் தட்டுப்பட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அப்புறம், கூட்டின் நீளம் கொஞ்சம் குறையும், பயப்படாதீர்கள், தோளுக்குப் போன பித்தளை அது. பலமுறை சுட்ட பழைய கூடு இறுகிப்போய் கழுத்தில் வெடிக்கும், அதனால் புதியது அல்லது கழுத்தைச் சூடாக்கி இளக்கியது நல்லது.