எத்தனை பாட்டில் ஏற்றினால் போதும்?

டெல்டா வாசகர்களின் கேள்விகளுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: சம்பா அறுவடை முடிந்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, காவலுக்கு அங்கேயே தரையில் படுத்திருந்தார் என் அண்ணன். விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்றார். கொஞ்ச நேரத்தில் இமையைத் தூக்க முடியவில்லை, பேச்சு குழறியது. கடித்த தடம் எதுவும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் 10 குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். மறுபடி ஒரு முறை ஏற்றினார்கள். அதற்குமேல் கேட்டும் ஏற்றாமல் வென்டிலேட்டரில் வைத்துவிட்டார்கள். "மூளைச்சாவுதான்" என்று உறவுக்காரர்கள் சொல்ல, நாங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடக் கிளம்பிவிட்டோம். டாக்டர் விடவில்லை. அண்ணன் இப்போது நன்றாக இருக்கிறார். இன்னும் கூடுதலாக மருந்து ஏற்றியிருந்தால் வென்டிலேட்டர் தேவைப்பட்டிருக்காதோ?
— நீடாமங்கலம் பக்கத்து விவசாயி

பதில்: தேவைப்பட்டிருக்கும் ஐயா. உங்களைத் தடுத்து நிறுத்திய அந்த டாக்டருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது கட்டுவிரியன். ராத்திரியில் வரும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது. பல பேருக்குக் கடிபட்டதே தெரியாது. விடியும்போது வயிற்று வலியும் இமைச் சரிவும்தான் முதல் சேதி. அதன் விஷம் தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பின் நுனியைச் சிதைக்கிறது. விஷமுறிவு மருந்தால் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் விஷத்தை மட்டும்தான் பிடிக்க முடியும். ஏற்கெனவே சிதைந்த நுனியை அது சரிசெய்யாது. நுனி தானாகத் துளிர்த்து வர வேண்டும், அதற்குச் சில நாள் பிடிக்கும். அதுவரை மூச்சு விடும் வேலையை இயந்திரம் செய்கிறது. அதனால்தான் நரம்பு விஷத்துக்கு 10 குப்பி, தேவைப்பட்டால் இன்னொரு 10, அதோடு நிறுத்துவது நம் நாட்டு நடைமுறை. நம் நாட்டு ஒப்பீட்டு ஆய்வுகளிலும் குறைந்த அளவு பெற்றவர்கள் அதிக அளவு பெற்றவர்களைவிட மோசமாகவில்லை.

மூளைச்சாவு விஷயத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டுவிரியன் கடித்தவருக்குக் கண்ணின் பாவை விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் நிற்கும். கை, கால், இமை எதுவும் நகராது. பார்ப்பவருக்குச் சவம் போலத் தோன்றும். ஆனால் மூளை விழித்திருக்கிறது, பேசுவதெல்லாம் காதில் விழுகிறது. கட்டிலைச் சுற்றி நின்று "இனி ஒன்றுமில்லை" என்று அழுததை அப்படியே திருப்பிச் சொன்ன நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பிரிவில் அவர்களிடம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "பாம்பு கடித்திருக்கிறது, சரியாகிவிடும், மிஷின் மூச்சு விடுகிறது" என்று ஒவ்வொரு ஷிப்டிலும் நர்ஸ்கள் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

வயலில் பகலில் கடிக்கிற கண்ணாடி விரியனின் விஷம் வேறு வேலை செய்கிறது. ரத்தத்தை உறையவிடாமல் செய்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். சுத்தமான, ஈரமில்லாத புதுக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் போதும். உறையாமல் ஓடினால் மருந்து தேவை. மருந்து ஏற்றிய பிறகு ஆறு மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்போம். ஈரலுக்கு உறைபொருளைத் திரும்பச் செய்ய அவ்வளவு நேரம் ஆகும். அந்த இடைவெளியில் "டாக்டர் சும்மா இருக்கிறார்" என்று சண்டைக்கு வராதீர்கள். விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து வருவது, ஒவ்வாமை கடுமையாக வரலாம். இலங்கையில் 1,007 பேரிடம் செய்து 2011-ல் வெளியான ஆய்வில், முன்கூட்டியே சிறிய அளவு அட்ரினலின் ஊசி போட்டது கடுமையான ஒவ்வாமையைக் குறைத்தது. நாம் வழக்கமாகப் போட்டுவந்த ஹைட்ரோகார்டிசோனும் புரோமெத்தசினும் குறைக்கவில்லை. பழக்கத்துக்காக அவற்றை இன்னும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை.

கடைசியாக, என் ஆதங்கம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக் கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது, நல்ல காரியம். ஆனால் நெல்லைக் கொட்டிவிட்டு நாள்கணக்கில் விவசாயி தரையில் கிடப்பதும், நெல்லுக்கு எலி வருவதும், எலிக்குப் பாம்பு வருவதும் மருத்துவமனையில் தீர்கிற விஷயமா? கொள்முதலை வேகப்படுத்துங்கள். அதுவரை ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு கொசுவலை. வலையைப் பாய்க்கடியில் நன்றாகச் செருகிப் படுங்கள். நேபாளச் சமவெளியில் நடந்த ஆய்வில் கொசுவலைக்குள் தூங்கியவர்களுக்குப் பாம்புக் கடி குறைவாக இருந்தது. கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வேர் தின்னக் கொடுப்பவரிடம் போய் நேரத்தைத் தொலைக்காதீர்கள். கைகாலை அசைக்காமல் 108-ல் ஏற்றுங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் கலந்து பிரஷர் இறங்கிவிட்டது. ஐசியூவில் சலைன் கொஞ்சம் ஏற்றிவிட்டு நிறுத்திவிட்டார்கள். ஒரு சின்ன ஊசிக் குழாயில் ஏதோ மருந்து ஓடியது, அவ்வளவுதான். டாக்டர் அடிக்கடி வந்து விரல் நுனியை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார். காய்ச்சலுக்கே இரண்டு பாட்டில் ஏற்றுகிற ஊரில், சாகக் கிடப்பவருக்கு ஏன் இந்தக் கஞ்சத்தனம்?
— கும்பகோணம் வாசகி

பதில்: கஞ்சத்தனம் இல்லை அம்மா. உலகம் முழுக்கத் தீவிர சிகிச்சை மருத்துவர்கள் இருபது வருடத்துக்கும் மேலாக வாதாடிக்கொண்டிருக்கிற விஷயம் இது.

2001-ல் அமெரிக்காவில் ஒரு மருத்துவமனை ஆய்வு வந்தது. தொற்றால் பிரஷர் இறங்கியவர்களுக்கு முதல் ஆறு மணி நேரத்தில் கணக்குப் பார்த்துத் திரவமும் மருந்தும் ரத்தமும் தாராளமாகக் கொடுத்ததில், மருத்துவமனையில் இறந்தவர்கள் 46.5 சதவீதத்திலிருந்து 30.5 சதவீதமாகக் குறைந்தார்கள். எல்லோரும் அதைப் பின்பற்றினோம். 2014, 2015-ல் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்தில் மூன்று பெரிய ஆய்வுகள் அதையே சோதித்தன. அந்தக் கறாரான முறையால் தனிப் பலன் எதுவும் தெரியவில்லை. அதற்கு முன்பே 2011-ல், ஆப்பிரிக்காவில் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குறைந்து வந்த 3,141 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு எங்களை உலுக்கியது. வேகமாகத் திரவம் ஏற்றப்பட்ட குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் பத்து சதவீதத்துக்கும் மேல், ஏற்றப்படாதவர்களில் 7.3 சதவீதம். ஜாம்பியாவில் பெரியவர்களிடம் நடந்து 2017-ல் வெளிவந்த ஆய்விலும் கூடுதலாக ஏற்றியவர்களே அதிகம் இறந்தார்கள். வென்டிலேட்டர் எளிதில் கிடைக்காத இடங்கள் அவை. நுரையீரலில் நீர் கோத்தால் அங்கே காப்பாற்ற வழியில்லை. நம் தாலுகா மருத்துவமனைகளின் நிலைமை அமெரிக்காவின் பாஸ்டனைவிட ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவுக்குத்தான் நெருக்கம் என்பதால் இந்த இரண்டு ஆய்வுகளையும் நான் மிகவும் மதிக்கிறேன்.

அப்படியானால் திரவமே வேண்டாமா? அதுவும் தப்பு. ஐரோப்பாவில் 2022-லும் அமெரிக்காவில் 2023-லும் வந்த ஆய்வுகள், முதல் கட்டத் திரவம் கொடுத்த பிறகு மேலும் தாராளமாக ஏற்றுவதையும் சிக்கனமாக ஏற்றுவதையும் ஒப்பிட்டன. இறப்பில் வித்தியாசம் இல்லை. ஆக, முதலில் ஓரளவு ஏற்றி, அதற்குமேல் ஆளைப் பார்த்து முடிவெடுக்கிறோம். உங்கள் அம்மாவுக்குச் சின்னக் குழாயில் ஓடியது பெரும்பாலும் நார்அட்ரினலின். தளர்ந்துபோன ரத்தக் குழாயை இறுக்கி பிரஷரைத் தூக்கும் மருந்து. விரல் நுனியைப் பத்து விநாடி அழுத்தி விட்டால் மூன்று விநாடிக்குள் சிவப்புத் திரும்ப வேண்டும். தாமதித்தால் ரத்தம் கடைசி வரை போய்ச் சேரவில்லை என்று பொருள். லத்தீன் அமெரிக்க மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வு, ரத்த ஓட்டம் போதாதபோது ரத்தத்தில் ஏறும் லாக்டேட் என்ற பொருளின் அளவைத் துரத்துவதைவிட இந்த விரல் சோதனையைப் பின்பற்றுவது குறைந்ததில்லை என்று காட்டியது. காசு செலவில்லை, ஆனால் ஒருவர் கட்டிலருகே திரும்பத் திரும்ப வந்து நிற்க வேண்டும். உங்கள் டாக்டர் வந்து நின்றிருக்கிறார்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "ஆன்டிபயாட்டிக் முதல் ஊசி எத்தனை மணிக்குப் போட்டீர்கள்?" பிரஷர் இறங்கியவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் போயிருக்க வேண்டும்.

சாதாரணக் காய்ச்சலுக்கு இரண்டு பாட்டில் ஏற்றச் சொல்லிக் கேட்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். வாயால் குடிக்க முடிகிறவருக்குக் கஞ்சியும் உப்புக் கரைசலும் போதும்.

கேள்வி: நெஞ்சுவலி என்று போன என் கணவருக்கு ஆக்சிஜன்கூட வைக்கவில்லை. அலட்சியமா?
— திருத்துறைப்பூண்டி வாசகி

பதில்: இல்லை. விரலில் கருவியை மாட்டிப் பார்த்து, ரத்தத்தில் ஆக்சிஜன் 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மாரடைப்புக்கு ஆக்சிஜனால் கூடுதல் பயன் கிடையாது. ஸ்வீடனில் 6,629 பேரிடம் சோதித்து 2017-ல் சொல்லிவிட்டார்கள். ஈசிஜி உடனே எடுத்தார்களா, ஆஸ்பிரின் கொடுத்தார்களா என்று பாருங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு 84 வயது, புற்றுநோய் முற்றிவிட்டது. வென்டிலேட்டர் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்கிறார். அதற்குச் சட்டம் இடம் தருமா? எங்கள் தெருவில் ஒருவரைக் கையெழுத்துப் போட்டுக் குழாயோடு ஆம்புலன்ஸில் கூட்டிவந்தார்கள். அந்தக் காட்சியை மறக்க முடியவில்லை.
— மன்னார்குடி வாசகர்

பதில்: சட்டம் இடம் தருகிறது. உச்ச நீதிமன்றம் 2018-ல் இந்த உரிமையை ஏற்றது. நடைமுறை சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரியில் எளிதாக்கியது. சுயநினைவோடு இருக்கும்போதே அப்பா தன் விருப்பத்தை எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட் அதிகாரியிடமோ உறுதிசெய்யலாம். பேச முடியாத நிலை வந்தால் யார் முடிவெடுப்பது என்றும் அதில் எழுத வேண்டும். பிறகு மருத்துவமனையில் இரண்டு குழுக்கள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவது குழுவில் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிப்பவர் ஒருவர் இருப்பார்.

கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போவதை நான் எதிர்க்கிறேன். வலிமருந்தும் இல்லாமல், பக்கத்தில் நர்ஸும் இல்லாமல், மூச்சுத் திணறி ஒருவர் வழியில் போவதை நல்ல சாவு என்று என்னால் சொல்ல முடியாது. இயந்திரத்தை வேண்டாம் என்றாலும் 'மார்பின்' என்ற வலிமருந்து உண்டு, மூச்சுத் திணறலுக்கு மருந்து உண்டு, வாய் உலராமல் பார்க்க ஆள் உண்டு. "வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டரிடம் உரிமையோடு கேளுங்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரையும் கூட்டி, அப்பா வாயாலேயே சொல்லவையுங்கள். சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கடைசி நாளில் வந்து இறங்குகிறவர்தான் பெரும்பாலும் "எல்லாம் பண்ணுங்க" என்பார். அவரை இப்போதே அழைத்துப் பேசிவிடுங்கள்.

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலையில் விபத்தில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமா?
— வேதாரண்யம் வாசகர்

பதில்: வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் நல்லெண்ணத்தோடு உதவியவரைப் பாதுகாக்கிறது; பெயரைக்கூடச் சொல்லக் கட்டாயமில்லை. 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. நேரம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு ஆதாரம்: 20,211 பேரிடம் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், டிரானெக்சாமிக் அமிலம் என்ற விலை குறைந்த ஊசி ரத்தப்போக்கால் நேரும் சாவைக் குறைத்தது. மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் மட்டும். தாமதமாகப் போட்டவர்களுக்குக் கெடுதலே ஆனது. ரத்தம் ஓடும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். தண்ணீர் புகட்டாதீர்கள், கழுத்தைத் திருப்பாதீர்கள்.