மருந்து ஆய்வில் சேரப் பணம் கேட்கிறார்கள், கட்டலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் என்னோடு இருக்கிறார். பல வருடமாகச் சர்க்கரை. பொது மருத்துவமனை மாத்திரைதான் சாப்பிடுகிறார். மருந்துப் பொட்டலம் இப்போது பக்கத்து மருந்துக் கடைக்கே வந்துவிடுகிறது. கோயில் வாசலில் ஒருவர், ‘பல்கலைக்கழகத்தின் புதிய சர்க்கரை மருந்து ஆய்வு, மாதம் 1,500 ரேண்ட் கிடைக்கும், பதிவுக் கட்டணம் 600 ரேண்ட், வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும்’ என்று சொல்லி, அடையாள அட்டை நகலும் வாங்கிப் போயிருக்கிறார். இருபது பக்க ஆங்கிலப் படிவம் ஒன்றும் தந்திருக்கிறார். சேராவிட்டால் மருத்துவமனையில் பெயரை எடுத்துவிடுவார்களோ என்று அம்மாவுக்குப் பயம். என்ன செய்யலாம்?

பதில்: பணம் கட்டாதீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்தும் போட வேண்டாம். அம்மாவின் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: ஆய்வில் சேராததற்காகவோ, சேர்ந்து பாதியில் விலகியதற்காகவோ வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்த முடியாது. ஒப்புதல் படிவத்தில் இது எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படவில்லையென்றால் அந்தப் படிவத்தை அங்கேயே மூடி வைத்துவிடலாம்.

இனி அந்த 600 ரேண்டுக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவில் முறையாக அனுமதி பெற்ற மருந்து ஆய்வில் சேர நோயாளி கட்டணம் கட்டுவதில்லை. பணம் எதிர்த் திசையில்தான் போகும். பங்கேற்பவரின் நேரம், சிரமம், செலவு ஆகிய மூன்றையும் கணக்கிட்டு, ஒவ்வொரு வருகைக்கும் இவ்வளவு என்று ஆய்வுக் குழு தரும். அந்தத் தொகையை, பங்கேற்பவர்களின் நலனுக்காக ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழு முன்கூட்டியே பார்த்து ஒப்புக்கொண்டிருக்கும், படிவத்திலும் அச்சிடப்பட்டிருக்கும். உங்களிடம் வந்தவர் ‘மாதம் 1,500’ என்று வாயால் சொன்னார். படிவத்தில் ‘ஒரு வருகைக்கு’ என்று வேறொரு தொகை இருக்கிறதா பாருங்கள். ஆய்வுக்குத் தகுதியானவரா என்று சோதிக்கும் முதல் வருகைக்கும், சோதனையில் தேறாமல் திரும்பி வந்தாலும்கூட, பயணச் செலவு கிடைக்குமா என்று கேளுங்கள். இடைத்தரகர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள்.

இந்த இடைத்தரகர்கள் குறிவைப்பது வயதானவர்களை. பென்ஷன் வாங்கும் வரிசையிலும் கோயில் வாசலிலும் மருந்துக் கடை முன்பும் நிற்பார்கள். ஒழுங்கான ஆய்வும் ஆள் தேடும், விளம்பரம் செய்யும். ஆனால் அந்த விளம்பர வாசகத்தைக்கூட நெறிமுறைக் குழு பார்த்த பிறகே வெளியிட முடியும். ‘கட்டணம்’, ‘வைப்புத்தொகை’, ‘ஃபைல் திறக்கும் செலவு’ எதுவாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். வங்கி அட்டையின் இரகசிய எண் கேட்டால் பேச்சையே நிறுத்திவிடுங்கள்.

அவர் சொல்வது உண்மையா என்று நீங்களே சரிபார்க்கலாம். புதிய மருந்தை மனிதர்களிடம் சோதிக்க, மருந்து ஒழுங்குமுறை ஆணையமான சாஃப்ராவின் அனுமதி வேண்டும். (2018 வரை இருந்த மருந்துக் கட்டுப்பாட்டு மன்றத்தின் இடத்தில் வந்த அமைப்பு அது.) தேசிய அளவில் பதிவு பெற்ற ஒரு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். இவற்றோடு, தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அந்த ஆய்வுக்கென ஓர் எண் இருக்கும்; ‘டி.ஓ.எச்-27’ என்று தொடங்கும். அந்த எண்ணை அவரிடம் கேட்டு வாங்கி, பதிவேட்டின் இணையதளத்தில் தேடுங்கள். மருந்தின் பெயர், ஆய்வு நடக்கும் இடம், பொறுப்பு மருத்துவர் ஆகியவை படிவத்தோடு பொருந்த வேண்டும். அடுத்து, படிவத்தில் உள்ள நெறிமுறைக் குழுவின் பெயரைப் பாருங்கள். குவாசூலு-நடால் பல்கலைக்கழகம் என்றால் அங்கே உயிர்மருத்துவ ஆராய்ச்சிக்கென்றே தனிக் குழு உண்டு. அந்த ஆள் எழுதிக் கொடுத்த எண்ணை அழைக்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் பொது எண்ணை நீங்களே தேடி எடுத்து, குழு அலுவலகத்துக்கு இணைப்புக் கேளுங்கள். ஆய்வின் தலைப்பைச் சொன்னால், ஒப்புதல் உண்டா இல்லையா என்று அவர்கள் சொல்ல முடியும்.

இதில் ஒரு விலக்கு உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் நல்ல ஆய்வுகளையும் மோசடி என்று விரட்டிவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எல்லா ஆய்வும் மருந்து ஆய்வு அல்ல. கால் புண் ஏன் ஆறத் தாமதமாகிறது என்று கேள்வித்தாள் வைத்துக் கேட்பது, இரத்தம் எடுத்து மூன்று மாதச் சர்க்கரை அளவு மட்டும் பார்ப்பது, சமையல் பழக்கத்தை எழுதிக்கொள்வது, சர்க்கரை பற்றிப் பாடம் நடத்திப் பலன் பார்ப்பது போன்றவற்றில் மருந்து கொடுக்கப்படுவதில்லை. ஆகவே சாஃப்ராவின் அனுமதி இருக்காது; இல்லாதது குற்றமும் அல்ல. ஆனால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் அவற்றுக்கும் கட்டாயம் வேண்டும். ஊசியோ மாத்திரையோ இல்லை என்பதால் ‘இதற்கெல்லாம் அனுமதி தேவையில்லை’ என்று யாராவது சொன்னால் அது தவறு. இரத்தம் எடுத்தால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: மிச்ச இரத்தத்தை என்ன செய்வார்கள்? சேமித்து வைக்கவும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் தனியாகக் கையெழுத்து வாங்குவது வழக்கம். அதற்கு ‘வேண்டாம்’ என்று குறித்துவிட்டு ஆய்வில் மட்டும் சேர முடியுமா என்று கேளுங்கள். உங்களிடம் வந்தவர் புதிய மருந்து என்று சொல்லியிருக்கிறார், ஆகவே அவருக்கு இந்த விலக்கு உதவாது.

ஆய்வு உண்மையானதாகவே இருந்தால், கையெழுத்துக்கு முன் அம்மாவின் உடம்புக்காகக் கேட்க வேண்டியவை வேறு. இப்போது சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்களா, எத்தனை வாரம், அதுவரை சர்க்கரை ஏறினால் யாரைக் கூப்பிடுவது? ஆய்வில் ஒரு பகுதியினருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கிடைக்குமா? யாருக்கு எது என்பது சீட்டுக் குலுக்குவது போலத்தான் முடிவாகும், பெரும்பாலும் மருத்துவருக்கும் தெரியாது. அவசரத்தில் அம்மாவுக்கு எது கிடைத்தது என்று திறந்து பார்க்க வழி இருக்கிறதா, இரவில் அழைக்க எண் உண்டா என்று கேளுங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது அந்த மருந்துப் பொட்டலத்தை. மருத்துவமனைச் சீட்டின்படி அது தானாக வந்துகொண்டே இருக்கும். ஆய்வு மருத்துவர் அளவைக் குறைத்தாலோ மாத்திரையை மாற்றினாலோ பொட்டலத்துக்கு அது தெரியாது. பழையதையும் புதியதையும் சேர்த்து விழுங்கினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். ஆகவே முதல் வருகைக்கே வீட்டிலுள்ள எல்லா டப்பாக்களையும், நாட்டு மருந்துப் பொடி உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். எதைச் சாப்பிடக் கூடாது என்று தாளில் எழுதி வாங்கி, அதை மருத்துவமனையிலும் காட்டிச் சீட்டை மாற்றச் சொல்லுங்கள்.

வெறும் வயிற்றில் வரச் சொல்லும் நாளில் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போடலாமா என்பதை முந்தின நாளே கேட்டுவிடுங்கள். பழக்கத்தில் மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினியாக டாக்சியில் கிளம்பினால் வழியிலேயே மயக்கம் வரலாம். கை நடுக்கம், வியர்வை இருந்து சர்க்கரை அளவு 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி அளந்து பாருங்கள். அம்மா மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

இழப்பீட்டுப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். மருந்து ஆய்வுக்குக் காப்பீடு இருக்க வேண்டும். ஆய்வு மருந்தால் கடுமையான பாதிப்பு வந்தால், யாருடைய தவறு என்று நிரூபிக்காமலே உதவி பெற அது வழி செய்கிறது. மருந்து வேலை செய்யவில்லை என்பதற்கோ, நோய் தன் போக்கில் முற்றியதற்கோ அது பொருந்தாது. இரகசியமாக வேறு பொடி சாப்பிட்டிருந்தால் சிக்கல்தான்.

அந்த இருபது பக்க ஆங்கிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேசிய சுகாதாரச் சட்டத்தின் 71-ஆம் பிரிவு, ஆய்வின் நோக்கத்தையும் நன்மை தீமைகளையும் விளக்கிய பிறகே எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும் என்கிறது. பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. நம் அரசியல் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, மதிக்கப்பட வேண்டிய மொழிகளின் பட்டியலில் தமிழையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. இருந்தும் தமிழில் படிவம் அபூர்வம். வீட்டில் ஆங்கிலமே பேசும் குடும்பத்துக்கும் அந்தப் படிவம் புரியாது. வழக்கறிஞர்கள் தங்கள் பாதுகாப்புக்காக எழுதும் நடை அது. எளிய மொழி வேண்டும் என்று நெறிமுறைக் குழுக்கள் ஒவ்வொரு முறையும் எழுதுகின்றன, பக்கங்களோ கூடிக்கொண்டே போகின்றன. இதற்கு வெட்கப்பட வேண்டியவர் அம்மா அல்ல. புரியவில்லை என்று சொல்லச் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் வைத்திருங்கள். படிக்க முடியாதவருக்கு, ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி உடன் இருந்து கையெழுத்திட வேண்டும். உங்களை அழைத்து வந்த தரகர் அந்தச் சாட்சியாக இருக்கக் கூடாது. அம்மாவிடம் ‘என்ன சொன்னார்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். எதற்கான மருந்து, எத்தனை தடவை போக வேண்டும், எப்படி விலகலாம் என்று அவரே சொன்னால் கையெழுத்திடலாம். பிறகு கையெழுத்திட்ட நகல் ஒன்று கையில் வர வேண்டும்.

அடையாள அட்டை நகல் போய்விட்டது, அதை இன்றே கவனியுங்கள். அம்மாவின் வங்கியிடம் சொல்லிவிடுங்கள். தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையில் கட்டணமில்லாமல் பாதுகாப்புப் பதிவு செய்யலாம். யாராவது அவர் பெயரில் கடன் கேட்டால் நிறுவனம் எச்சரிக்கை பெறும். 600 ரேண்ட் ஏற்கெனவே கைமாறியிருந்தால், ரசீது, அந்த ஆளின் செல்பேசி எண், படிவம் மூன்றையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் எழுதுங்கள். படிவத்தில் எந்த நெறிமுறைக் குழுவின் பெயர் போட்டிருக்கிறதோ அங்கும் ஒரு நகல் அனுப்புங்கள்; தங்கள் பெயரை யார் எங்கே பயன்படுத்துகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.